ரெண்டு போஸ்ட்ல ஒருத்தனை அனுப்புனது

எங்க பாஸ்கெட்பால் டீம்ல அப்ப போஸ்ட்டு, அதாவது கூடைக்கிட்ட நின்னு ஆடற உசரமான பசங்க ரெண்டு பேரு. ரெண்டு பேருமே பெயிண்டை, அதான் கூடைக்கு முன்னாடி இருக்கற கட்டத்தை, விட்டு வெளிய வரமாட்டானுங்க, ஒருத்தன் உள்ள கட் பண்ணி வந்தா இன்னொருத்தன் அவன் டிஃபெண்டரையும் கூட்டிட்டுக் குறுக்க நிப்பான். பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோற ஆளு, கார்டும்போம், அது ஒழுங்கா ஒருத்தன் இல்ல. ஹாஸ்டல், மெஸ்ஸெல்லாம் இத்தனை பேருக்குத்தான்னு மேனேஜ்மென்ட் கறாரா சொல்லீட்டாங்க. அந்த நேரம் பார்த்து இன்னொரு டீம்காரங்க, ரெண்டு கார்டு தர்றோம் ஒரு போஸ்ட்டை விடுங்கன்னாங்க, நானும் ஆளை விடறோம்ங்கற என்ஓசில கையெழுத்துப் போட்டுட்டேன். கணக்கு சரிதான், இப்பவும் சொல்றேன்.

அனுப்புன பையன் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரன். கூப்பிட்டுச் சொன்னதும், "நான் சரியா ஆடலீங்களா சார்?"ன்னான்.

"அப்பிடியில்ல கண்ணு, நல்லா ஆடறதாலதான உன்னையக் கேக்கறாங்க."

ஆறுதலா இருக்கும்னுதான் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்ப சுமாரா ஆடியிருந்தா இங்கயே இருந்திருப்பனுங்களா?"ன்னான். கிண்டலும் இல்ல கோவமும் இல்ல, நெசமாவே கேட்டான். நான் தோளைத் தட்டிட்டு போனை எடுத்துக் காதுல வெச்சுட்டேன், அந்தப் பக்கம் யாரும் இல்ல. போறப்ப, "ஷூவை வெச்சுட்டுப் போகோணுங்களா சார்"ன்னு வேற கேட்டான். 13ம் நம்பர் ஷூ, கோயமுத்தூர்ல கடை கடையா தேடி கெடைக்காம வெளியூர்ல இருந்து வரவழைச்சது, அவன் காலைத் தவிர வேற எவனுக்குச் சேரும்?

2024 அக்டோபர்ல, அமெரிக்காவோட என்பிஏ லீக்ல, மினசோட்டா டீம் அவங்க உசரமான ஆளு கார்ல் அந்தோனி டவுன்ஸை நியூயார்க்குக்கு அனுப்புனப்ப எனக்கு இவன் ஞாபகம்தான். 2015ல முதல் ஆளா எடுத்து வளர்த்த பையன், 2024லதான் கான்ஃபரன்ஸ் ஃபைனல், அதாவது லீக் ஃபைனலுக்கு முந்தின சுத்து வரைக்கும் போயிருந்தாங்க. ஆனா கூடைக்கிட்ட ஏற்கனவே கோபேர்னு ஒரு உசரமான ஆளு நிக்கறாரு, பெஞ்சுல நாஸ் ரீட்னு இன்னொரு உசரமான ஆளு இருக்காரு, டவுன்ஸோட புது சம்பளமும் சேர்ந்தா லீக்கோட சம்பள லிமிட்டை விட்டு எங்கயோ போகுது, அதைத் தாண்டுனா அப்பறம் ரெண்டு பேரு சம்பளத்தைக் கூட்டிக் காட்டி பெரிய ஆள் ஒருத்தரை வாங்கவும் முடியாது. டவுன்ஸுக்குப் பதிலா ராண்டலும் டிவின்சென்சோவும் வந்தாங்க. 2025ல ரெண்டு டீமும் கான்ஃபரன்ஸ் ஃபைனல் போச்சு, ரெண்டும் தோத்துச்சு. இதுல யாரு கணக்கு சரின்னு சொல்றது? அதுவும் டவுன்ஸுக்குக் கோடிக்கணக்குல சம்பளம், எங்க பையனுக்கு மெஸ் சாப்பாடு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பேசறதே எனக்கு நான் சொல்லிக்கற சமாதானமோ என்னமோ.

முன்னாடியே அவனைக் கேட்டிருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. கேட்டிருந்தா மாட்டேன்னிருப்பான், நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அப்பறம் எதுக்கு அந்த நாடகம்? ரெண்டும் ஒண்ணில்லீங்கன்னு வீட்டுக்காரி சொல்றா, எனக்குப் புடிபடல.

கோயமுத்தூர்ல பிஎஸ்ஜி கோப்பை மேட்ச் பார்க்கப் போனப்ப அந்தப் பையன் என்னையக் கேலரில பார்த்தான், அவனா எந்திரிச்சு வந்தான். "அங்க நான் ஒருத்தன்தான் போஸ்ட் சார், முழு மேட்சும் ஆடறனுங்க"ன்னான். பெரிய பாரம் எறங்குன மாதிரி ஆயிப்போச்சு. வீட்டுக்கு வந்து, பாத்தியா, அவன் நல்லதுக்குத்தான் அனுப்புனேன்னேன்.

"அதை அன்னைக்கே அவங்கிட்டச் சொல்லீருக்கலாமல்லங்க"ன்னா.

அன்னைக்கு அது எனக்குத் தோணவே இல்லியே.