ஐஸ் பெட்டிக்குள் ஒரு பியர் குழாய்

வீட்டில் காய்ச்சிய பியரைக் கெக்கில் (அழுத்தம் தாங்கும் ஸ்டீல் பீப்பாய்) அடைத்து, ஃபிரிட்ஜ் கதவில் பதித்த குழாயில் பிடித்துக் குடிப்பது எனக்கு நான்கு வருடப் பழக்கம். அந்தக் கெக்கை நண்பர் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அதே பியர் வரும் என்று நினைத்தேன். அங்கேதான் சறுக்கியது.

போன ஜூன் மாதம், நியூ ஜெர்சியில் நல்ல வெயில். 19 லிட்டர் கெக்கை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நிறுத்தி, சுற்றிலும் ஐஸைக் கொட்டி, கையால் அழுத்துகிற சின்னக் குழாயை மாட்டினேன். கோப்பை நிறைய நுரை, அடியில் இரண்டு விரல் பியர். "டீ மாஸ்டர்கூட இவ்வளவு ஆத்த மாட்டாருடா" என்று ஒருவன் ஆரம்பித்தான், அன்று முழுக்க அதே பேச்சு. பியரை வெளியே தள்ளும் வாயுவின் அழுத்தம்தான் அதிகம் போல என்று, அதைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை 12 பிஎஸ்ஐயிலிருந்து (டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அதே அழுத்த அளவு) 5க்கு இறக்கினேன். இன்னும் மோசம்.

காரணம் பிறகுதான் உறைத்தது. கெக் குளிர்ந்திருந்தது, ஆனால் கெக்கிலிருந்து குழாய்க்குப் போகும் டியூப் வெயிலில் கிடந்தது. சூடேறும் பியரிலிருந்து கரியமில வாயு வெளியேறப் பார்க்கும், அதை உள்ளே பிடித்து வைப்பது அழுத்தம்தான். அதையும் குறைத்தால் வெயிலில் வைத்த சோடா பாட்டிலின் மூடியைத் தளர்த்திய கதை. 4 டிகிரி செல்சியஸில் சுமார் 11 பிஎஸ்ஐ போதும். 24 டிகிரியில் அதே அளவு வாயு கரைந்தே இருக்க 30க்குப் பக்கத்தில் வேண்டும்.

சரி, ஜாக்கி பாக்ஸ் செய்துவிடலாம் என்று இறங்கினேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ஐஸ் பெட்டிக்குள் 50 அடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுருள். பியர் ஒரு பக்கம் நுழைந்து, ஐஸ் தண்ணீருக்குள் சுற்றி வந்து, மறுபக்கக் குழாயில் விழும். அவ்வளவு நீளச் சுருளைத் தாண்டி வருவதற்குள் 30 பிஎஸ்ஐ வேகமும் அடங்கிவிடும். பெட்டியில் துளை போடும்போது கை நடுங்கியது, தப்பாகப் போட்டால் பெட்டி குப்பைக்குத்தான். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இருப்பது வெறும் ஃபோம். நட்டை முறுக்க முறுக்கச் சுவர் உள்ளே அமுங்கியது. ஒரு மரத்துண்டைக் கொடுத்து முறுக்கிய பிறகு நின்றது.

முதல் ஒத்திகைக்கு முந்தின இரவு, வாயு டியூப்பில் வாஷர் போடாமல் நட்டை இறுக்கி வைத்திருக்கிறேன். காலையில் 5 பவுண்டு கரியமில வாயு சிலிண்டர் காலி. இப்போதெல்லாம் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்காமல் படுப்பதில்லை. காரில் கொண்டு போகும்போதும் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். மூடிய காருக்குள் வாயு கசிந்தால் விளையாட்டில்லை. வெயிலில் நிற்கும் காரில் சிலிண்டரை விட்டுப் போகவும் கூடாது.

ஜூலை 4 அன்று அதே கொல்லைப்புறம், அதே ஆட்கள். சுருளை வெறும் ஐஸால் மூடினால் இடைவெளியில் காற்றுதான் நிற்கும், அதனால் தண்ணீரும் ஊற்றினேன். (சுருளுக்குப் பதில், உள்ளே பியர் ஓடும் அலுமினியக் குளிர்தட்டு வைத்திருப்பவர்கள் இதற்கு நேர்மாறாக உருகும் தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.) முதல் கோப்பை நுரையாக வந்தது, கீழே கொட்டினேன். இரண்டாவது பொன்னிறத்தில், மேலே ஒரு விரல் நுரையோடு வந்தது. கிண்டல் செய்தவன் வாயே திறக்கவில்லை, கோப்பையை மட்டும் நீட்டினான்.

ஆனாலும் வரிசை நீண்டபோது ஆறாவது, ஏழாவது கோப்பையில் நுரை திரும்பவும் தலைகாட்டியது. என் சுருளுக்குள் நிற்பது சுமார் அரை லிட்டர் பியர்தான். இடைவிடாமல் பிடித்தால் பின்னால் வருவது குளிர நேரமிருக்காது. கெக்கை ஈரத்துண்டால் சுற்றி நிழலுக்கு நகர்த்தினேன், ஐஸை ஒரு கரண்டியால் கிளறிவிட்டேன். இன்னொன்று, பயந்து பயந்து குழாயைப் பாதி திறப்பவர்களால்தான் நுரை அதிகம். முழுக்கத் திறக்க வேண்டும்.

நம் கூட்டத்தில் பாதிப் பேர் பியர் தொட மாட்டார்கள். இந்தக் கெக்குகளே ஒரு காலத்தில் பெப்சி, கோக் சிரப்புக்காக வந்தவைதானே என்று ஆகஸ்டில் இரண்டாவது கெக்கில் நன்னாரி சர்பத் கலந்து ஏற்றினேன். சோடாவுக்குப் பியரைவிட வாயு அதிகம் வேண்டும், ஃபிரிட்ஜில் 30 பிஎஸ்ஐயில் ஒரு வாரம் வைத்தேன். ஊரிலிருந்து வந்திருந்த நண்பனின் அம்மா மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "கோலி சோடா மாதிரியே சுள்ளுன்னு இருக்குப்பா" என்றார். பியருக்கு முன்னால் நன்னாரி தீர்ந்தது.

சுத்தம் செய்வதுதான் அலுப்பு. சுருளுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. அன்றிரவே தண்ணீர், கிளீனர், மறுபடி தண்ணீர், கடைசியில் வாயுவை மட்டும் விட்டுச் சொட்டுகூட இல்லாமல் ஊதித் தள்ள வேண்டும். கேரேஜில் தண்ணீரோடு விட்டால் இங்கே ஜனவரிக் குளிரில் உறைந்து சுருள் வெடிக்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு இடத்தில் கோட்டைவிட்டேன். நன்னாரி போன கெக்கிலேயே செப்டம்பரில் கோதுமை பியரை ஏற்றினேன். ரப்பர் வளையங்களில் ஏறிய வாசனை போகவே இல்லை. இப்போது எல்லா வளையங்களையும் டியூப்பையும் மாற்றி, நன்னாரிக் கெக்கின் கைப்பிடியில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்த 19 லிட்டர் பியரில் பாதி இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஒருவரும் இரண்டாவது கோப்பை கேட்கவில்லை.