ஜூஜூவாடி தாண்டி பஸ் போன அன்னிக்குத்தான் எங்களுக்கு ஊரடங்கு முடிஞ்சது

கொரோனா ஊரடங்கு தளர்வு பத்தி எங்க பேச்சு வந்தாலும் எல்லாரும் டிவில காட்டுன கூட்டத்தைத்தான் சொல்றாங்க. 2020 மே 7 டாஸ்மாக் திறந்தப்ப நின்ன வரிசை, மறுநாளே ஐகோர்ட் மூடச் சொன்னது, சுப்ரீம் கோர்ட் அதுக்குத் தடை போட்டு மே 16 மறுபடி திறந்தது, அப்புறம் துணிக்கடை வாசல், மீன் மார்க்கெட், இதெல்லாம்தான். "கொஞ்சம் அவுத்து விட்டா போதும், சனம் அலையுது, திருந்தவே திருந்தாது"ன்னு எங்க சொந்தக்காரங்க குரூப்லயே எத்தனையோ ஃபார்வர்டு. அதை அனுப்புனவங்க எல்லாம் மாசம் பொறந்தா சம்பளம் அக்கவுண்ட்ல விழுறவங்க. எனக்கு இது ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்துது. ஏன்னா எங்க தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் தளர்வு வந்தப்ப சனம் எங்க ஓடுச்சுன்னு நான் கூடவே இருந்து பார்த்தேன், அவங்க ஓடுனது பஸ் ஸ்டாண்டுக்கும் சந்தைக்கும்தான்.

முதல்ல கிருஷ்ணகிரிக்காரங்க சந்தோஷத்தைச் சொல்லணும். 2020 மே மாசம் தொடக்கத்துல மத்திய அரசு சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு மாவட்டத்தைப் பிரிச்சு லிஸ்ட் விட்டாங்க இல்ல, அதுல தமிழ்நாட்டுலயே பச்சை கிருஷ்ணகிரி மட்டும்தான். அந்த ரெண்டு மூணு நாள் அங்க இருக்கற எங்க மாமா போன் பண்ணி பேசுன பேச்சு இருக்கே, ஏதோ ஊரே பரீட்சையில முதல் மார்க் வாங்குன மாதிரி. ஆனா சில நாள்லயே அங்கயும் தொற்று வந்துருச்சு, தொற்று பரவுன சென்னை கோயம்பேடு மார்க்கெட்ல இருந்து ஆளுங்க திரும்பி வர வர பயம் ஜாஸ்தியாச்சு, கிராமத்துப் பாதையில வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சாங்க. வெளியூர்ல இருந்து நடந்து வந்த சொந்தப் பையனையே ஸ்கூல் கட்டடத்துல படுக்க வச்சுட்டு அம்மா தூரத்துல சோத்தை வச்சுட்டுப் போனதைப் பார்த்திருக்கேன்.

சரி, பஸ்ஸுக்கு வரேன், நான் சொல்ல வந்ததே அதுதான்.

எங்க தருமபுரி மாவட்டத்துல பெரிய கம்பெனி கிடையாது, மழை நம்பி வெள்ளாமை, மழை பொய்ச்சா பெங்களூர். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம் எந்தப் பக்கம் போய் கேட்டாலும் வீட்டுக்கு ஒருத்தராவது அங்க கட்டட வேலையிலயோ, ஹோட்டல்லயோ, அபார்ட்மெண்ட் ஹவுஸ்கீப்பிங்லயோ, காய்கறி வண்டியிலயோ இருப்பாங்க. அதனால சென்னையில தளர்வு அறிவிச்சா எங்க ஆளுங்க முதல்ல கேக்கறது "பெங்களூர் பஸ் விட்டாச்சா?"ங்கறதுதான். 2020 செப்டம்பர் 1 இருந்து தமிழ்நாட்டுக்குள்ள இ-பாஸ் வேணாம், மாவட்டத்துக்குள்ள பஸ் ஓடும்னாங்க, 7ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் ஓடுச்சு. டிவில எல்லாரும் இயல்பு வாழ்க்கை திரும்பிடுச்சுன்னு பேட்டி குடுத்தாங்க. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அது பாதி வழிதான், ஏன்னா பஸ் ஓசூர் தாண்டி தமிழ்நாட்டு எல்லையில இருக்கற ஜூஜூவாடி செக்போஸ்ட்டோட நின்னுடும். அங்க இறங்கி நடந்து கர்நாடகா பக்கம் இருக்கற அத்திப்பள்ளி போகணும், அங்க இருந்து கர்நாடகா பஸ்.

அந்த நடையைப் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். ஹைவே ஓரம் வரிசையா சனம், தலையில அரிசி மூட்டை, கக்கத்துல பாய் சுருட்டி, கையில மிக்ஸி டப்பா, ஒரு இடுப்புல குழந்தை, மேஸ்திரி முன்னால போன்ல பேசிக்கிட்டே போவாரு, பின்னாடி சித்தாளுங்க. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஆட்டோ கேக்கற காசு பாதி நாள் கூலி, அதனால முக்கால்வாசிப் பேரு நடைதான். எங்க சின்னம்மா எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல கூட்டிப் பெருக்கற வேலை. அங்க அவங்ககிட்ட "வந்தா இங்கயே தங்கணும், போயிட்டு போயிட்டு வர்றதா இருந்தா வேலை இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. ஒருதடவை நான் ஜூஜூவாடி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மூட்டையை நான் அத்திப்பள்ளி வரைக்கும் தூக்கிட்டு வரேன்னா விடவே இல்ல, "நீ திரும்பு சாமி, உன்னை இந்தப் பக்கம் விடமாட்டேன்னு நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்"னு சொல்லிட்டு, மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுத்து விட்டுக்கிட்டு நடந்துட்டாங்க. மாநில எல்லைங்கறது அதுவரைக்கும் எங்களுக்கு ஒரு போர்டு, கடலை வாங்க பஸ் நிக்கற இடம், அவ்வளவுதான்.

2020 தீபாவளிக்கு பஸ் விட்டாங்க, அப்பாடான்னு இருந்துச்சு, அடுத்த வருஷம் ரெண்டாவது அலை வந்து மறுபடி எல்லாம் மூடி மறுபடி அதே நடை. 2021 ஆகஸ்ட் 23 இருந்து ஆந்திராவுக்கும் கர்நாடகாவுக்கும் பஸ் ஓடும்னு அறிவிப்பு வந்துச்சு. சென்னைக்காரங்களுக்கு அந்த அறிவிப்புல பெரிய சேதி தியேட்டர் திறக்கறது, எங்களுக்கு பஸ். தருமபுரி பஸ் ஸ்டாண்டுல அந்த வாரம் கண்டக்டர் "பெங்களூர் பெங்களூர் பெங்களூர்"னு கூவுன சத்தம் கேட்டு பக்கத்துல டீ குடிச்சுட்டு இருந்த ஒரு பெரியவர் டம்ளரை அப்படியே வச்சுட்டு "நேரா போவுதா?"ன்னு கேட்டாரு, "நேரா போவுதுங்க, ஏறுங்க"ன்னாரு கண்டக்டர், அதுக்கப்புறம் அவரு பணம் குடுத்தாரா இல்லையான்னு கூட டீக்கடைக்காரர் கேக்கல. அன்னிக்கு அந்த பஸ்ஸுல நின்ன கூட்டத்தை யாராவது படம் பிடிச்சுப் போட்டிருந்தா "சமூக இடைவெளி எங்க?"ன்னு நாலு பேரு கண்டிப்பா எழுதியிருப்பாங்க.

இடையில இன்னொரு நல்ல விஷயம் நடந்துச்சு. 2021 மே 7 முதலமைச்சரா பதவி ஏத்ததும் ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகள்ல ஒண்ணு சாதாரண டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லங்கறது, மறுநாளே அமலுக்கு வந்துச்சு, ஆனா 10ஆம் தேதி முழு ஊரடங்கு, பஸ்ஸே கிடையாது. அதனால எங்க பக்கம் அந்தச் சலுகை நெசமா கைக்கு வந்தது ஜூன் 28. மாவட்டங்களை மூணு வகையா பிரிச்சாங்கல்ல, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ரெண்டாவது வகை, பாதி சீட்டோட பஸ் ஓடலாம்னாங்க. அந்த வாரம் டவுன் பஸ்ஸுல ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவுத்து பத்து ரூபாயை நீட்டிட்டே இருந்தாங்க, கண்டக்டர் வேணாம்மா வேணாம்மான்னு தள்ளிக்கிட்டே போனாரு, பக்கத்து சீட்டுல இருந்தவங்க விளக்கிச் சொன்னதும் "நெசமாவா கண்ணு, திரும்பி வரும்போதும் கேக்கமாட்டாங்களா?"ன்னாங்க. வேலை இல்லாம மாசக்கணக்கா வீட்ல கிடந்தவங்களுக்கு திரும்ப வேலை தேடி டவுனுக்கு அலையற அந்த மாசத்துல பஸ் காசு இல்லாம இருந்தது எவ்வளவு பெரிய உதவின்னு கணக்கு போட்டுப் பார்க்கணும். தளர்வுக்கு சனம் என்ன சொல்லுச்சுன்னு என்னைக் கேட்டா அந்த அம்மா கேட்ட கேள்வியைத்தான் சொல்லுவேன்.

அடுத்தது சந்தை. இதைப் பத்தி யாருமே எழுதலைன்னு எனக்கு ஆதங்கம். ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்குன்னு 2020 ஜூலை ஆகஸ்ட்ல போட்டாங்க, அப்புறம் 2022 ஜனவரியில ஒமைக்ரான் வந்தப்ப 9, 16, 23 மூணு ஞாயிறு. ஆபீஸ் போறவங்களுக்கு ஞாயிறு லீவு நாள், வீட்ல இருந்தா நஷ்டம் இல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கற போச்சம்பள்ளி சந்தையே ஞாயித்துக்கிழமைதான்! ஆடு, கோழி, காய்கறி, தானியம், கருவாடு, கயிறு, கூடைன்னு சுத்துவட்டாரமே அங்கதான் விக்கும் வாங்கும். ஞாயிறை அடைச்சா அந்த வாரம் முழுசா போச்சு. நோய் பரவக்கூடாதுன்னு போட்ட சட்டத்தை நான் தப்பு சொல்லல, அந்த ஒரு நாளோட பாரம் யார் தலையில விழுதுன்னு யாரும் பார்க்கலையேன்னுதான் சொல்றேன். பொங்கல் முடிஞ்ச கையோட வந்த 16ஆம் தேதி ஞாயிறுக்கு ஆட்டை வச்சிருந்தவங்க பலபேரு வீட்டு வாசல்லயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டாங்க.

ஜனவரி 28 இருந்து ஞாயிறு ஊரடங்கும் இல்ல, இரவு ஊரடங்கும் இல்லன்னாங்க, 30ஆம் தேதி ஞாயிறு நான் போச்சம்பள்ளி போனேன். ஒரு விஷயம் பார்த்தேன், அதை மட்டும் கொஞ்சம் விவரமா சொல்லிடறேன். மாட்டு சந்தை ஆட்டு சந்தையில விலை வாயால பேசமாட்டாங்க, தரகரும் விக்கறவரும் கையைக் கோத்து மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக்குவாங்க, உள்ள விரலைப் பிடிச்சுத்தான் பேரம், எத்தனை விரலை எப்படி அமுக்கறாங்கங்கறதுல ஆயிரமா நூறான்னு அவங்களுக்குத் தெரியும், சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கொரோனா வந்ததும் கையைத் தொடவே பயம், நடுவுல சந்தை கூடுன சில வாரங்கள்ல செல்போன்ல நம்பரை அடிச்சு ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டு இருந்தாங்க, சுத்தி நிக்கறவன் எட்டிப் பார்த்துடுவான், பேரமே படியாது. அன்னிக்கு ஒரு வயசான தரகர் பச்சைத் துண்டை உதறி விக்கறவர் கைமேல போட்டாரு. அந்த ஆளு ஒரு நொடி தயங்குனாரு. "ஊசி ரெண்டும் போட்டாச்சு மாமா, குடுங்க கையை"ன்னாரு தரகர். கையைக் குடுத்தாரு. ரெண்டு பேர் முகத்துலயும் மாஸ்க் தாடைக்குக் கீழ தொங்குச்சு, துண்டுக்குள்ள விரல் ஓடிக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு கிடா கைமாறுச்சு.

ஒகேனக்கல்லயும் இதே கதைதான். 2020ல ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2, அது சரியா முழு ஊரடங்கு ஞாயிறு, வருஷத்துல ஆத்தங்கரை நிரம்பி வழியற நாள் வெறிச்சுன்னு போச்சு. பரிசல் ஓட்டறவங்க, எண்ணெய் தேய்ச்சு விடறவங்க, மீன் வறுத்துக் குடுக்கற அக்காங்க, இவங்க யாருக்கும் வேற வேலை தெரியாது. சுற்றுலாவுக்குத் திறந்துட்டாங்கன்னு செய்தி வந்தாலும் நீர்வரத்து ஏறிட்டா பரிசலுக்குத் தடை வந்துரும், அதனால அவங்க பெருசா சந்தோஷப்பட்டு நான் பார்க்கல, "தண்ணியும் மனசு வைக்கணும்ல தம்பி"ன்னுதான் சொன்னாங்க.

எல்லாருக்கும் தளர்வு சந்தோஷம்னும் சொல்லிட முடியாது. ரெண்டாவது அலையில வீட்ல ஆளை இழந்தவங்களுக்கு ஊரு திரும்ப ஜேஜேன்னு ஆகறதைப் பார்க்கவே முடியல. எங்க தெருவுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் போனது 2021 மே கடைசியில. பஸ் விட்ட அன்னிக்கு எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தப்ப கதவைச் சாத்திக்கிட்டாங்க. 2022 ஏப்ரல்ல மாஸ்க் போடலன்னா அபராதம் இல்லன்னு ஆனப்புறமும் ரொம்ப நாள் அவங்க மாஸ்க் இல்லாம வெளிய வரல, அவங்களைப் பார்த்து "இன்னுமா?"ன்னு கேட்டவங்க மேல எனக்கு வந்த கோபம் இன்னும் போகல. அவங்களுக்கு அது பாதுகாப்பு மட்டும் இல்ல, அந்த வருஷத்தை ஊரு அவ்வளவு சீக்கிரம் மறக்கக்கூடாதுங்கற ஆத்திரமும்தான்.

பள்ளிக்கூடம் திறந்தது பத்தி சொல்லாம விட்டா மனசு ஆறாது. 2021 செப்டம்பர் 1 ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் திறந்தாங்க, நவம்பர் 1 சின்னப் பசங்களுக்கு. சின்னப் பசங்க கத்திக்கிட்டே ஓடுனதை எல்லாரும் பார்த்தோம். அரசுப் பள்ளியில டீச்சரா இருக்கற என் ஃப்ரெண்டு செப்டம்பர்ல பேர் கூப்பிட கூப்பிட சில பொண்ணுங்க பேருக்கு சத்தமே வரலைன்னு சொன்னாங்க. குழந்தைக் கல்யாணம்னு பேசுனா எங்க ரெண்டு மாவட்டம் பேரும் எப்பவும் முன்னாடி வரும், அதுல ஒன்றரை வருஷம் நடுவுல கொஞ்ச நாள் தவிர பள்ளிக்கூடம் வேற இல்ல, கூட்டம் கூடாம கம்மி செலவுல முடிச்சிடலாம்னு வீட்டுக்குள்ளயே தாலி கட்டி வச்சுட்டாங்க. யாராவது குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு ஒரு போன் போட்டிருந்தா நின்னிருக்கும், போட யாரும் இல்ல, டீச்சருங்க கண்ணுல படற இடத்துலயே அந்தப் பொண்ணுங்க இல்லையே.

டீச்சர் வீடு வீடா போனாங்க. ஒரு பொண்ணு கால்ல மெட்டியோட வந்து கதவைத் திறந்துச்சு, "மிஸ் நான் வரேன்னா சேத்துக்குவீங்களா?"ன்னு கேட்டுச்சு. மாமியார்கிட்ட ரெண்டு மூணு தடவை நடையா நடந்து பேசி கூட்டிட்டு வந்துட்டாங்க, அந்தப் பொண்ணு 2022 மே மாசம் பிளஸ் டூ பரீட்சை எழுதி பாஸ். இன்னொரு பொண்ணு வீட்டுக்காரரோட பெங்களூர்ல, கட்டட வேலை நடக்கற இடத்துல தகரக் கொட்டாயில இருக்கு. பஸ் ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது டீச்சரைப் பார்க்க வருது, தனித்தேர்வரா எழுதறதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு விசாரிச்சுட்டுப் போயிருக்கு.