சீட்டில் முதலில் இருப்பது வயது

ஓபி சீட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே வயது இருக்கும். என்ன தொந்தரவு என்று எழுதும் இடம் அதற்குக் கீழேதான். என் பதினெட்டு வருட நர்ஸ் வேலையில் பெரும்பகுதி அந்தச் சீட்டை நிரப்பி உள்ளே அனுப்பும் மேசையில் கழிந்தது. டாக்டர் சீட்டை வாங்கியதும் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். 61 என்று இருந்து கீழே 'நெஞ்சு வலி' என்றும் இருந்தால், ஆள் உட்காருவதற்குள் ஈசிஜி எடுக்கச் சொல்லிவிடுவார். 24 என்று இருந்தால் அதே நெஞ்சு வலிக்குக் கேள்விதான் வரும். "ராத்திரி சரியா தூங்குறீங்களா? வேலையில டென்ஷனா?"

டாக்டர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இருபதுகளில் இருப்பவர்கள் நெஞ்சு வலி என்று வந்தால் பெரும்பாலும் தசைப்பிடிப்பு, நெஞ்செரிச்சல், இல்லையென்றால் பயம். ஒவ்வொருவரையும் ஸ்கேனுக்குள் அனுப்பினால் தேவையில்லாத கதிர்வீச்சு, தேவையில்லாத கவலை. கணக்கு சரிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. "ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவருக்கு உண்மையிலேயே ஏதாவது இருந்தால், அவர் அடுத்த முறை வேறு டாக்டரிடம்தான் போவார். முதல் டாக்டருக்கு அந்தச் செய்தி வந்து சேராது. அவர் மனதில் அந்த இளைஞர் குணமாகிப் போனவராகவே இருப்பார். இப்படியே வருடக்கணக்கில் ஓடினால் யாருக்கும் தன் கணிப்பின் மேல் நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

என் விஷயத்தில் அந்தச் செய்தி திரும்பி வந்தது. அதுவும் நான் டூட்டியில் இருந்த ஒரு நாளில்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரண்டு நாளாக இப்படி, என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. நாடி 118. பிபியும் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) பரவாயில்லை. மூச்சு எண்ணிக்கை 18 என்று எழுதினேன். எண்ணவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். நாடிக்கும் பிபிக்கும் கருவி இருக்கிறது. மூச்சை எண்ணுவதற்குக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது அந்த ஒரு நிமிடம் யாரிடமும் இருக்காது. பழைய நோட்டுகளைப் புரட்டினால் தெரியும், வந்தவர்கள் எல்லோரும் நிமிடத்துக்கு 18 அல்லது 20 முறைதான் மூச்சு விட்டிருப்பார்கள். அப்புறம், யாரும் கேட்காமலேயே சீட்டின் ஓரத்தில் ஒரு வார்த்தையையும் சேர்த்தேன்: பதற்றம்.

118 என்ற வேகமான நாடிக்கு அந்த வார்த்தையே விளக்கமாகிவிட்டது. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் மயங்கி விழுந்து கேஷுவால்டிக்கு வந்தாள். நுரையீரல் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி. சில மாதங்களாக ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். அது ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். நாங்கள் கேட்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்கும் தெரியாது. பிழைத்துக்கொண்டாள். அன்று கேஷுவால்டி நோட்டை எடுத்துப் பார்த்தபோது முதல் வரியிலேயே 'பதற்றம் உள்ளவர்' என்று இருந்தது. என் ஓரக் குறிப்பு அங்கே நோயாளியின் பழைய வரலாறாக மாறியிருந்தது. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவார், மூன்றாமவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017இல் குழந்தை பெற்ற மறுநாள் மூச்சுத் திணறினார். ஏற்கெனவே நுரையீரலில் ரத்தக் கட்டி வந்து மீண்டவர் என்பதால் இது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சிடி ஸ்கேன் வேண்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வேண்டும் என்று நர்ஸிடம் பெயர் சொல்லியே கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் குழம்பிப் பேசுகிறார் என்று அந்த நர்ஸ் நினைத்தாராம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் சிறு சிறு கட்டிகள் இருந்தன. இந்தச் செய்தியைப் படித்த எல்லோருக்கும் செரீனாவின் நிலைமை நினைவில் நின்றிருக்கும். எனக்கு அந்த நர்ஸ்தான் நினைவில் நின்றார். அவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார், அன்று அவருக்கு எத்தனை படுக்கைகளோ.

இளம் உடம்பு செய்யும் ஏமாற்று வேலை ஒன்றும் உண்டு. ரத்தப்போக்கில் உடம்பின் ரத்தத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போகும்வரைகூட பிபி பெரிதாக இறங்காமல் நிற்கும். இதயம் வேகமாக அடித்து, ரத்தக் குழாய்கள் இறுகி, எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு கட்டத்தில் சமாளிப்பு முடிந்துபோகும். அதுவரை அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வலி தாங்க முடியலன்னு சொல்றான், கையில போன்" என்று எங்கள் ஆட்களே சிரித்துப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். வலியை மறக்க மனிதன் வேறு எதைத்தான் பார்ப்பான்?

பிரிட்டனில் 2012இல் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு, நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டுபிடிக்க ஒரு எச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. நாடி 111 முதல் 130 வரை இருந்தால் 2 மதிப்பெண். மூச்சு 21 முதல் 24 வரை இருந்தால் 2, 25ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3. ஒரே கட்டத்தில் 3 வந்தாலே உடனடியாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கான அந்த அட்டையை முதல்முறை பார்த்தபோது நான் கவனித்த விஷயம் வேறு. அதில் வயதுக்கென்று ஒரு கட்டமே இல்லை. பதினாறு வயது நிரம்பியவர் எல்லோருக்கும் ஒரே கணக்கு.

சரி, நோயாளி தன் பக்கத்தில் என்ன செய்ய முடியும்? இதற்கு என்னிடம் ஒரு பையன்தான் பதில்.

முப்பதைத் தொடாத பையன். மலத்தில் ரத்தம். முதல்முறை வந்தபோது அதைச் சொல்லவே கூசினான், "கொஞ்சம் மூலம் மாதிரி" என்று நோயின் பெயரை அவனே சொல்லிவிட்டான். டாக்டரும் மூலத்துக்கு மருந்து எழுதினார். இரண்டாம் முறை வந்தபோதும் அதே. அன்றும் உள்ளே இரண்டு நிமிடம்தான். மூன்றாம் முறை ஒரு தாளை மடித்து எடுத்து வந்தான். ரத்தம் முதலில் தெரிந்த தேதி. அதற்குப் பிறகு எத்தனை நாள். மலம் போகும் பழக்கம் எந்த வாரத்திலிருந்து மாறியது. பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. முன்பு ஐந்து கிலோமீட்டர் ஓடுவான், இப்போது ஒரு கிலோமீட்டரில் நின்றுவிடுகிறான். எந்த மருந்தை எத்தனை நாள் எடுத்தான், நின்றதா நிற்கவில்லையா. கடைசி வரி: "அப்பாவுக்கு 41 வயதில் பெருங்குடல் புற்றுநோய்."

அந்த வரியை வாசலிலேயே படித்தேன். தாளைச் சீட்டோடு சேர்த்துப் பின் செய்து உள்ளே வைத்தேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். "இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றார். பையன் "நீங்க கேக்கல சார்" என்றான். இருவர் சொன்னதும் நியாயம்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே பரிசோதனையைத் தொடங்கச் சொல்வார்கள். இவனுக்கு அது 31. நோய் அதற்கும் முந்திக்கொண்டது. ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. இரும்புச்சத்துக் குறைவு, அதுவும் ஓர் ஆணுக்கு. மாதவிடாய்க் கணக்கில் எழுதிவிட்டுப் போக முடியாது, ரத்தம் எங்கேயோ போகிறது என்றுதான் அர்த்தம். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையிலேயே இருந்தது.

ஐம்பது வயதுக்குக் கீழே இந்தப் புற்றுநோய் கூடிவருவதைப் பல நாடுகளில் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50லிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். நடிகர் சாட்விக் போஸ்மேன் 43 வயதில் போனது இந்த நோயில்தான்.

அந்தத் தாளில் நோயின் பெயர் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? "நெட்டில் பார்த்தேன், கேன்சராக இருக்குமோ" என்று ஆரம்பித்திருந்தால் டாக்டரின் முகம் மாறியிருக்கும், எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பயத்தைச் சொன்னால் டாக்டர் பயத்துக்கு ஆறுதல் சொல்வார். ஓடிய தூரத்தைச் சொன்னால் அது ஏன் குறைந்தது என்று யோசிப்பார். "ரொம்ப டயர்டா இருக்கு" என்பதை ஒரு நாளில் நாற்பது பேர் சொல்கிறார்கள். "தலை வாரும்போது நடுவில் கையை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது" என்று சொன்னவர் ஒருவர்தான்.

எத்தனையாவது முறை வருகிறோம் என்பதைச் சொல்வதும் முக்கியம். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் அது முதல்முறைதான். இங்கிலாந்தில் ஜெசிகா பிரேடி என்ற 27 வயதுப் பொறியாளர் 2020 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் தன் குடும்ப டாக்டரின் கிளினிக்கை இருபது முறைக்கு மேல் தொடர்புகொண்டிருந்தார். அவர் பெற்றோர் விடாமல் போராடியதில் 2025 செப்டம்பரில் 'ஜெஸ் விதி' அங்கே நடைமுறைக்கு வந்தது. ஒரே தொந்தரவோடு, அல்லது கூடிவரும் தொந்தரவோடு, மூன்றாவது முறை ஒருவர் வந்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், முதலிலிருந்து மறுபடி யோசிக்க வேண்டும். நேரில் பரிசோதிக்க வேண்டும், தேவையானால் மேல் பரிசோதனைக்கோ நிபுணரிடமோ அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விதி. இதற்கு ஒரு விதி வேண்டியிருக்கிறதே என்று தோன்றலாம். ஓபியில் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் தோன்றாது.

எதிர்த்துப் பேசத் தயங்குபவர்களுக்கு மேசையில் நான் மெதுவாகச் சொல்லி அனுப்பும் கேள்விகள் இரண்டு. "இது வேற என்னவா இருக்கலாம் டாக்டர்?" இந்தக் கேள்வியில் சண்டை இல்லை, ஆனால் மூடிய கதவு கொஞ்சம் திறக்கும். இன்னொன்று, "எத்தனை நாளில் சரியாகலைன்னா திரும்ப வரணும்?" பரிசோதனை மறுத்தால் மறுத்ததை எழுதித் தரச் சொல்லுங்கள் என்றும் சிலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. டாக்டர் அதற்குப் பிறகு நோயைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். வேறு வழியே இல்லாதபோது வேண்டுமானால்.

கூட வரும் அம்மாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. டாக்டர் கேட்பது அவனிடம், பதில் சொல்வது அம்மா. "எந்நேரமும் போன்தான் டாக்டர், தூங்குறதே இல்ல." டாக்டரும் தலையாட்டுவார், சோலி முடிந்தது. ஆனால் அதே அம்மா, "இவன் காய்ச்சல்னாகூட ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான், இன்னைக்கு அவனே கிளம்புனான்" என்று சொன்னால் அது தங்கம் போன்ற தகவல். இளம் பையன் 'அடிவயிற்று வலி' என்று நெளிந்துகொண்டு வந்தால் நான் அம்மாவை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிடுவேன். விதைப்பை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. அதில் பாதி நேரம் வெட்கத்திலேயே போயிருக்கும்.

தாள் எழுதிக்கொண்டு வந்தவர்கள் எல்லோருக்கும் நோய் இருந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கம் எழுதி வந்த ஒரு பையனுக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாகவே வந்தது. உண்மையிலேயே பதற்ற நோய்தான். ஆனால் பார்த்த பிறகு சொன்ன 'பதற்றம்' என்பதால் அவனால் அதை ஏற்க முடிந்தது, சிகிச்சைக்கும் ஒழுங்காக வந்தான். பார்க்காமலே சொல்லியிருந்தால் இன்னும் நாலு மருத்துவமனை ஏறி இறங்கியிருப்பான்.

நான் இப்போது சீட்டின் ஓரத்தில் எதுவும் எழுதுவதில்லை. மூச்சை எண்ணுகிறேன். எண்ணுவது தெரிந்தால் ஆட்கள் மூச்சை மாற்றி விடுவார்கள், அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்ப்பேன். போன வாரம் ஒரு பையன், கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வாந்தி என்று வந்தான். நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்கவே இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர் கையைப் பிடிச்சிட்டு இருப்பீங்க?" என்றான்.

"இன்னும் இருபது வினாடி தம்பி."

32. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், கருவி எண் காட்டாமல், தன் அளவுக்கும் மேலே போய்விட்டது என்றது. சீட்டை வரிசையில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.