லிஃப்ட்டும் பிரேக்கும் சேர்ந்து போன பழைய 1035

மேட்டூர் அணை ஜூன் 12 வாக்கில் திறந்துவிட்டால் எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் ட்ராக்டர் மெக்கானிக் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். எல்லோரும் ஏதாவது ஒரு வயலில், ஏதாவது ஒரு வண்டியின் அடியில் படுத்திருப்பார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வண்டி காலை வாரியது. ஒருவழியாக வேலை முடிந்து வண்டி வயலில் இறங்கிவிட்டது. ஆனாலும் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்து ஒரு நடையாவது மிச்சம் பிடித்தால் சந்தோஷம்.

வண்டி மாஸி ஃபெர்குசன் 1035. அப்பா வாங்கியது, தொண்ணூறுகளின் மாடல். இன்ஜின் இன்றைக்கும் ஒரு கிக்கில் பிடிக்கும். தொந்தரவு இரண்டு. ஒன்று லிஃப்ட், அதாவது பின்னால் மாட்டிய கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக். காலையில் ஒன்பது கொத்துக் கலப்பையை ஜம்மென்று தூக்கும். வண்டி சூடானதும் பாதியில் நின்றுவிடும். தூக்கி வைத்தாலும் விக்கல் எடுப்பது போல் விட்டு விட்டு எகிறும், இன்ஜினை நிறுத்தினால் கலப்பை கண்முன்னே இறங்கிவிடும். இன்னொன்று பிரேக். இடது பக்கம் பிடிக்கவே இல்லை. இரண்டு மிதிகளையும் கொக்கி போட்டு ஒன்றாக மிதித்தால் வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. வயலில் எப்படியோ சமாளிக்கலாம். நெல் மூட்டை ஏற்றிய டிப்பரோடு ரோட்டில் இப்படி இழுத்தால் உயிருக்கே ஆபத்து.

முதலில் போனது பல கம்பெனி வண்டிகளும் வந்து போகும் ஒரு பெரிய பட்டறைக்கு. வரவேற்பில் இருந்தவர் "லிஃப்ட் தூக்கலை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் "பம்ப்பு போயிருக்கும், செட்டோட மாத்தணும்" என்று ஒரு தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். யாரும் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிரேக்கைப் பற்றிக் கேட்டதற்கு, ட்ரம் பிரேக் பார்க்கிற ஆள் லீவு என்றார். வண்டியை விட்டுவிட்டு வந்தோம். மறுபடி போனபோது அது வெயிலில் அதே இடத்தில் நின்றது. டயர் தடத்தில் புழுதிகூடக் கலையவில்லை. வேலை பார்க்கிற பையன்கள் நல்ல பையன்கள்தான், ஆனால் அவர்கள் கற்றதெல்லாம் புது மாடல்கள். "இந்தப் பழசை நாங்க பிரிச்சதே இல்லைண்ணே" என்று ஒருவன் காதோடு சொன்னான். அந்த உண்மையை வரவேற்பிலேயே சொல்லியிருந்தால் எனக்கு டீசலும் நேரமும் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தவர் ரோட்டோர மெக்கானிக். அவர்தான் அதிக சேதம் செய்தார். ஆயில் குறைச்சல் என்று சொல்லி, அளவுக் கம்பியைப் பார்க்காமலேயே கெட்டியான கியர் ஆயிலை ஒரு கேன் ஊற்றினார். பிரேக் ட்ரம்மைக் கழற்றி, உள்ளே உரசிப் பிடிக்கும் பட்டையான லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார். அன்று மாலை லிஃப்ட்டும் தூக்கியது, பிரேக்கும் பிடித்தது. மறுநாள் உழவில் இரண்டும் பழையபடி ஆனது மட்டுமல்ல, இடது சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்து டயர் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனது இன்னொரு வீண் அலைச்சல். "1035 பிரேக் செட், ஆக்சில் சீல்" என்று மட்டும்தான் சீட்டில் இருந்தது. சீல் என்பது ஆக்சில் வழியே ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். கடைக்காரர் கொடுத்தது பின்னால் வந்த டிஸ்க் பிரேக் மாடலுக்கு உரியது. எங்கள் வண்டியில் இருப்பது ட்ரம்மும் ஷூவும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் உள்ளே மாற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். ஆயில் சீலின் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் எண்ணாகப் பதித்திருக்கும். சேசிஸ் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையில்தான் எனக்கு விடிவு பிறந்தது. சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டரில் இருந்தவரிடம் "நல்ல மெக்கானிக் யாருண்ணே?" என்று கேட்டிருந்தால் அவருக்கு வேண்டியவர் பெயரைச் சொல்லியிருப்பார். அதை விட்டுவிட்டு, "இந்தப் பழைய மாடலுக்கு லிஃப்ட் சிலிண்டர் ஓ-ரிங் செட்டை அடிக்கடி வாங்கிட்டுப் போறது யாரு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பட்டுக்கோட்டை ரோட்டில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு பாயைச் சொன்னார். போர்டு கிடையாது, அக்கம்பக்கத்து லேத் பட்டறைகளில் கேட்டால்தான் வழி தெரியும். மெக்கானிக் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இந்தக் கேள்விதான்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் விலை பேசவில்லை, கேள்விதான் கேட்டார். "தூக்காம நிக்குதா தம்பி, தூக்கிட்டு இறங்குதா? சூட்டுல மட்டுமா, எந்நேரமுமா? ஆயிலு என்ன நிறம்?" எனக்கு அப்போதே பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் கொட்டகைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார், டிப்பர் மாட்டாமல், மெதுவாக.

அவர் செய்த முதல் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கலப்பையை மாட்டியபடியே, சீட்டுக்குக் கீழே வலது பக்கம் அளவுக் கம்பி இருக்கும் பக்க மூடியை மட்டும் கழற்றினார். அளவு தாண்டி ஊற்றியிருந்த ஆயிலை முதலில் வடித்தார். வெளுத்துப்போய் வந்தது. சேற்றுழவில் கேஜ் வீல் என்கிற இரும்புக் கம்பிச் சக்கரம் போட்டு ஓட்டும்போது தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அப்புறம் வண்டியைச் சூடாக்கி, கலப்பையைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மேலே சிலிண்டர் வாயிலிருந்து ஆயில் மழையாகக் கொட்டுகிறது. கீழே பம்ப்பின் பக்கம் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. "பம்ப்பு பாவம், அது தள்ளிக்கிட்டுத்தான் இருக்கு. மேலே பிஸ்டன் ரப்பர் போச்சு" என்றார். பெரிய பட்டறையில் கேட்ட தொகையை நினைத்துப் பார்த்தேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையின்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் மாட்டும் கருவிகளுக்கு விசை கொடுக்கும் பி.டி.ஓ. சாஃப்ட்டோடு பம்ப்பும் சுற்றிக்கொண்டிருக்கும். கை, துண்டு, டார்ச்சுக் கயிறு எதுவும் உள்ளே போகக் கூடாது. தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பாய் அதற்குக் கீழே கட்டை வைத்த பிறகுதான் தன் பட்டறைப் பையனைப் பக்கத்திலேயே விட்டார்.

மற்றதெல்லாம் பிரித்து மாட்டும் வேலை. சீட்டைக் கழற்றி, செயின் பிளாக்கில் மேல் மூடியைத் தூக்கினார்கள். நல்ல கனம், ஒற்றை ஆளாக முயற்சி செய்ய வேண்டாம். அவர் சொன்ன அந்த ரப்பர் வளையம், பிஸ்டன் ஓ-ரிங், ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து வெட்டுப்பட்டிருந்தது. இவ்வளவு தூரம் பிரித்தாயிற்று என்று பி.டி.ஓ. சாஃப்ட்டைப் பின்னால் இழுத்து, பம்ப்பையும் வெளியே எடுத்து, சேறு அப்பியிருந்த வலையை டீசலில் கழுவினார். பம்ப் நன்றாக இருந்தது, அப்படியே திரும்ப உள்ளே போனது.

பிரேக்குக்கும் லிஃப்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதையும் அவர்தான் புரியவைத்தார். இந்த வண்டியில் கியர், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். அளவுக்கு மேல் ஊற்றினால் அது ஆக்சில் குழாய் வழியே இரண்டு பக்கமும் ஏறி சீலை முட்டும். கெட்டி ஆயில் ஆறியிருக்கும்போது தேய்ந்த ரப்பரைத் தாண்டி மெதுவாகத்தான் கசியும், அதனால்தான் ஒரு மாலை மட்டும் லிஃப்ட் தூக்கியது. அந்த ஒரு மாலைக்காக என் பிரேக் முழுசாக ஆயிலில் நனைந்தது. எங்கள் கொட்டகைத் தரை இடது பக்கம் சரிவு என்றதும், "அதான் இடது மட்டும் போயிருக்கு" என்றார். ஆயில் குடித்த லைனிங்கை எதில் கழுவினாலும் பயனில்லை; ட்ரம் சூடேறியதும் உள்ளே ஊறியது திரும்ப வெளியே வரும்.

இடது ட்ரம்மைக் கழற்றியபோது சீல் உட்காரும் காலரில் நகத்தால் தடவினாலே தெரிகிற அளவுக்கு வரிப்பள்ளம். அதன்மேல் புது சீல் போட்டால் ஒரே மாதத்தில் மறுபடி கசியும் என்று காலரையும் மாற்றினார். இரண்டு பக்கமும் சீல், இரண்டு பக்கமும் லைனிங். வலது நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டதற்கு, ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் இருந்தால் வண்டி இழுக்கத்தான் செய்யும் என்றார். ஆயில் அறையின் காற்றுத் துளையையும் சேறு அடைத்திருந்தது. அதைக் கம்பி விட்டுக் குத்திவிட்டார். உள்ளே காற்று அடைபட்டால் அதுவும் சீல் வழியேதான் ஆயிலைத் தள்ளும்.

மாலையில் பாய் தானே ஓட்டிப் பார்த்தார். மிதிகளைக் கொக்கி போட்டுச் சேர்த்து, ஆளில்லாத மண் ரோட்டில் ஒரே மிதி. இரண்டு சக்கரத் தடமும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு விழுந்திருந்தன. இறங்கிப் பார்த்துவிட்டு வலது பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஓட்டினார். கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம்; திரும்பி வந்தபோதும் கலப்பை தூக்கின இடத்திலேயே நின்றது. எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடித்துக்கொண்டேன். சாமான், லேத், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து, பம்ப்புக்கு மட்டும் என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்த தொகைக்குக் கீழேதான் வந்தது.

குறுவைச் சேற்றுழவுக்கு வண்டி நேரத்துக்கு இறங்கிவிட்டது. ஆயில் விஷயத்தில் பாய் ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மூலை முடுக்கில் தங்கின தண்ணீர் இன்னும் கலந்து வருமாம், அதனால் சேற்று வேலை முடிந்ததும் ஆயிலை ஒருமுறை முழுசாக வடித்து மாற்ற வேண்டும். இருபது லிட்டர் கேன் ஒன்று அதற்குப் போதாது, இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள், அளவுக் கம்பியில் மேல் கோட்டோடு நிறுத்திவிடுங்கள். கேனில் மிச்சம் இருக்கிறதே என்று யாரையும் ஊற்ற விடாதீர்கள்.