பட்லர் கந்தப்பனைத் தேடி

பழைய ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுத்துத் தருவதுதான் என் தொழில். நில வழக்கு, வாரிசுத் தகராறு என்றுதான் பெரும்பாலும் ஆட்கள் வருவார்கள். ஓர் ஆய்வாளர் மட்டும் ஒரே ஒரு பெயரோடு வந்தார்: கந்தப்பன்.

தலித் சிந்தனையாளர், இதழாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் அவர். ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் கந்தப்பன் பட்லராக இருந்தார், திருக்குறள், நாலடியார் ஓலைச்சுவடிகள் அவர் வழியாகத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தன என்பது பண்டிதர் எழுதி வைத்த செய்தி. குறள் முதன்முதலாக அச்சேறியது 1812இல். பண்டிதர் தன் வார இதழைத் தொடங்கியது 1907இல். இடையே கிட்டத்தட்ட நூறு வருஷம். குடும்பத்தின் நினைவில் இருந்த இந்த மனிதரைக் கம்பெனிக் காகிதத்தில் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கட்டுகளுக்குப் பஞ்சமில்லை. வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளே 1786இலிருந்து தொடங்குகின்றன. எந்தத் துரை எந்த ஜில்லாவுக்கு மாற்றலானார், என்ன சம்பளம், எப்போது லீவு கேட்டார், எல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் பட்லருக்குச் சம்பளம் துரையின் சொந்தப் பையிலிருந்து போனது. சர்க்கார் கணக்கில் அவருக்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. வீட்டில் திருட்டுப் போய்ப் புகார் எழுந்தால், கோர்ட்டில் சாட்சி சொன்னால், அல்லது துரை உயிலில் இத்தனை வராகன் (அந்தக் காலத்துப் பொற்காசு) என்று எழுதி வைத்தால்தான் அவர் பெயர் வெளியே வரும். அந்த உயிலிலும் பல சமயம் ‘என் பட்லருக்கு’ என்று மட்டுமே இருக்கும்.

அதனால் எஜமானைப் பிடித்து, அவர் வழியாக வேலைக்காரரிடம் போவதுதான் வழி. இங்கேதான் சிக்கல். ஆரிங்டன், ஹாரிங்டன் இரண்டையும் தேட வேண்டும். கந்தப்பனையோ ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி காண்டப்பா, குண்டப்பன் என்று எப்படி வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். வரிப் பாக்கி பற்றிய பக்கங்களில் முத்து முத்தாக இருக்கும் கையெழுத்து, ஆள் பெயர் வரும் இடத்தில் மட்டும் கோழி கிண்டியது மாதிரி ஆகிவிடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எல்லிஸைப் பொறுத்தவரை காலம் தெளிவு. 1796இல் கம்பெனி வேலைக்கு வந்தார், 1810இல் சென்னைக் கலெக்டர், 1819இல் ராமநாதபுரத்தில் இறந்தார். சுவடி கைமாறியது என்றால் இந்த இருபத்து மூன்று வருஷத்துக்குள்தான். அதற்கு வெளியே எந்தக் கந்தப்பன் வந்தாலும் தள்ளிவிடலாம். உள்ளே வருகிறவர்களோடுதான் பாடு. கந்தப்பன் என்பது தெருவுக்கு ஒருவர் வைத்துக்கொண்ட பெயர். பெயர் ஒன்று, காலமும் சரி, அப்புறம் என்ன என்று ஆய்வாளர் அவசரப்படுவார். ஊர், எஜமான், உறவினர் இவற்றில் இன்னொன்றாவது பொருந்தாமல் இருவரை ஒருவராக்க நான் சம்மதிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. சேர்ப்பதைப் பிறகும் செய்யலாம். ஒருமுறை சேர்த்து அச்சில் வந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம், அடுத்தவர் அதையே மேற்கோள் காட்டத் தொடங்கிவிடுவார்.

1812 பதிப்பில் குறளோடு நாலடியாரும் சேர்ந்தே வந்தது. பண்டிதர் சொல்வதும் அதே இரண்டு நூல்களைத்தான். இந்தப் பொருத்தம் ஆய்வாளருக்கு நிரூபணமாகவே தெரிந்தது. எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. பதிப்பைப் பார்த்த எவரும் அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பதிப்புக்குப் பல சுவடிகளை ஒப்பிட்டவர்களும் இருந்தார்கள். அதே சமயம், காகிதத்தில் இல்லை என்பதற்காகக் கந்தப்பனே இல்லை என்று சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. சமையற்கட்டில் இருந்தவரின் பெயரை எழுதும் வழக்கமே இல்லாத காகிதம் அது. சொந்தப் பாட்டனாரின் பெயரையும் வேலையையும் பேரன் சொல்லும்போது, அதற்கு மறுப்பு கிடைக்கும்வரை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அறிக்கையில் அப்படியே பிரித்து எழுதினேன்: ஆள் இருந்தார், ஏற்கலாம். சுவடி தந்தார், குடும்பச் சாட்சி மட்டும். அந்தச் சுவடிதான் அச்சுக்குப் போனது, ஆதாரம் தேவை. ஆய்வாளருக்கு முகம் சற்று வாடியது. சென்னையில் இறந்த ஐரோப்பியர்களின் உயில் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன என்றேன். உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.