தீவகத்தில் பேறு: படகுக் கணக்கை முதலில் போடுங்கள்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இறங்குதுறையில் வாகனம் ஆயத்தமாக நின்றால், யாழ். போதனா வைத்தியசாலைக்கு இன்னுமொரு மணித்தியாலம். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் இரத்தம் பெருகி, சிகிச்சை ஒன்றும் கிடைக்காவிட்டால், தாய் இறக்கச் சராசரியாக எடுக்கும் நேரமும் 2 மணித்தியாலந்தான். படகோட்டியைத் தேடிப் பிடித்து எண்ணெய் விடும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

மற்றச் சிக்கல்கள் கொஞ்சம் தவணை தரும். வலிப்பு என்றால் ஏறத்தாழ 2 நாள், பிள்ளை இறங்காமல் அடைபட்டால் 3 நாள், கிருமித்தொற்று என்றால் 6 நாள் என்பது மகப்பேற்று நூல்களில் உள்ள சராசரிக் கணக்கு. இரத்தப்போக்குக்குத்தான் தீவின் தூரம் கட்டுப்படியாகாது. ஆகவே "வலி வந்தாப் பிறகு போவம்" என்ற பேச்சே வேண்டாம். 37 கிழமை முடியக் கரைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவதே நல்லது. முந்திய பேறு சத்திரசிகிச்சை என்றாலோ, இரட்டைப்பிள்ளை, உயர் இரத்த அழுத்தம், இரத்தச்சோகை இருந்தாலோ கிளினிக்கில் சொல்லும் நாளுக்கு இன்னும் முந்தி வரவேண்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பினால் படகு ஓடாத நாளும் உண்டு. இதெல்லாம் தெரியாமல் யாரும் பிந்துவதில்லை. மூத்த பிள்ளைகளை ஆர் பார்க்கிறது, மாட்டை ஆர் பார்க்கிறது என்ற கேள்வியில்தான் பயணம் தள்ளிப்போகிறது. அதற்கு 28ஆம் கிழமையிலேயே குடும்பநல உத்தியோகத்தரை (ஊர் மருத்துவமாதுவை) வைத்துக்கொண்டு வீட்டாரோடு பேசி முடிவெடுக்கவேண்டும்.

அதையும் மீறித் தீவிலேயே பிள்ளை பிறந்தால், ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒக்சிரோசின் ஊசி 10 அலகு. இந்த மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்கவேண்டும். மின்சாரம் நின்று நின்று வரும் இடத்தில் குப்பி மெல்ல வலு இழக்கும். நிறம் மாறாது, பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊசி போட்டும் கருப்பை இறுகாவிட்டால் மருந்தையும் சந்தேகியுங்கள், சலப்பையையும் (சிறுநீர்ப்பை) தொட்டுப் பாருங்கள். நிறைந்த சலப்பை கருப்பையைச் சுருங்க விடாது. இது அடிக்கடி மறந்துபோகிற சங்கதி.

போன இரத்தத்தைக் கண்மதிப்பில் சொன்னால் அநேகமாகக் குறைத்துத்தான் சொல்லுவோம். அளவுக்கோடு போட்ட பிளாஸ்ரிக் விரிப்பைத் தாயின் கீழ் விரித்தால் 500 மில்லிலீற்றர் எப்போது தாண்டியது என்பது தெரியும். தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்தே தொடங்கவேண்டும்: கருப்பையைத் தேய்ப்பது, நாளம் வழியே ஒக்சிரோசின், உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் ரனெக்சாமிக் அசிட் 1 கிராமை 10 நிமிடத்தில் மெதுவாக, சேலைன், பிறகு கிழிவும் நச்சுக்கொடித் துண்டும் உண்டா என்ற பரிசோதனை. ரனெக்சாமிக் அசிட்டைப் பேறு நடந்து 3 மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா வைத்தியசாலைகளில், இப்படி விரிப்பால் அளந்து எல்லாவற்றையும் சேர்த்துத் தொடங்கும் முறையைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், கடும் இரத்தப்போக்கு, அதற்கான வயிற்றுச் சத்திரசிகிச்சை, மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

படகேற முன் இரண்டு கைகளிலும் பெரிய கனுலா (நாளத்தில் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டு இறுக்கி ஒட்டுங்கள். அலை அடிக்கும்போது சோர்ந்துபோன நாளத்தைத் தேடிப் பிடிக்கேலாது. சலக்குழாயும் தரையிலேயே போடவேண்டும். படகில் சேலைன் பையைத் தூக்கிக் கட்டப் போதிய உயரம் இராது, ஒருவர் பையைக் கையால் பிழிந்துகொண்டே வரவேண்டும். இன்னொருவரின் கை தாயின் வயிற்றை விட்டு எடுபடக்கூடாது. கர்ப்பவதி அட்டையிலுள்ள இரத்த வகையைப் புறப்படும்போதே வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் அம்புலன்ஸ் இறங்குதுறைக்கு வரவேண்டியதும் அப்போதே, படகு கரைதட்டிய பிறகல்ல.

பிள்ளைக்குக் கடற்காற்றுத்தான் முதல் எதிரி. துடைத்த ஈரத்துணியை எறிந்துவிட்டு, தொப்பி போட்டுத் தாயின் வெறும் மார்பில் கிடத்தி, மேலே உலர்ந்த துணியால் மூடவேண்டும். தாய் மயங்கிய நிலையென்றால் கூடவரும் பெண்ணின் மார்பில். குளிப்பாட்டுவது 24 மணித்தியாலத்துக்குப் பிறகு.

வீடு திரும்பியபின் துடக்கு நாட்களில் தலையிடி, கண் மங்கல் வந்தால் காற்றுப் பட்டது என்று சரக்குக் கறியோடு விட்டுவிடாதீர்கள். பேற்றுக்குப் பின் 6 கிழமைவரை அழுத்தம் ஏறலாம். அன்றே அளவிடுங்கள்; 160/110 என்றால் விடியுமட்டும் பாராமல் படகைக் கூப்பிடுங்கள்.