21 நாள் கணக்கு

கால்நடை இனப்பெருக்க உடலியலில் முதுகலைக்கு வந்த மாணவர் ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் ஒரு காலண்டரை வைத்துக்கொள்வது நல்லது. எம்.வி.எஸ்சி. என்னும் கால்நடை மருத்துவ முதுகலைப் படிப்பு இரண்டு வருடம். பாடங்கள், தேர்வுகள், நெறிமுறைக் குழு அனுமதி எல்லாம் போக, மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கக் கிடைப்பது எட்டு, பத்து மாதம்தான். மாடு தன் கணக்கில் ஓடுகிறது. பருவச் சுழற்சி 21 நாள். சினை ஊசி போட்டு ஸ்கேனில் பார்க்க ஒரு மாதம், கைவிட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல இரண்டு மாதம். கன்று வேண்டுமென்றால் பசுவுக்கு ஏறத்தாழ 280 நாள், எருமைக்கு 310. காளையில் விந்தணு உருவாகவே 61 நாள் ஆகும், விரையை ஒட்டிய எபிடிடிமிஸ் குழாயில் முதிர அதற்கு மேலும் பத்து நாள் போல. துத்தநாகம் கலந்த தீவனத்தை ஒரு மாதம் கொடுத்து விந்தணு உற்பத்தி கூடியதா என்று பார்க்கும் தலைப்பு தொடங்கும்போதே பாதி தோற்றுவிட்டது. அதைக் கேட்க நினைப்பவர் குறைந்தது 70, 80 நாள் தீவனம் கொடுத்த பிறகே மாதிரியைக் கையில் எடுக்க வேண்டும். மே மாத வெயில் ஜூன், ஜூலை விந்திலும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த கண்ணி எண்ணிக்கை. 'குழுவுக்குப் பத்து மாடு, சினைப்பிடிப்பு 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது' என்று முடியும் ஆய்வேடுகள் ஏராளம். பத்தில் நான்கு, பத்தில் ஆறு: இரண்டு மாடுகளின் வித்தியாசம் தற்செயலாகவே வரும். உண்மையில் 40-க்கும் 50-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு ஏறத்தாழ 390 மாடுகள் தேவை. எந்த மாணவருக்கும் அது கிடைக்காது. ஆகவே சினைப்பிடிப்பைத் தலைப்பிலிருந்து இறக்கிவிட்டு, ஒவ்வொரு மாட்டிலும் அளக்கக்கூடிய ஒன்றைக் கேள்வியாக்குவதே நேர்மை. முட்டை வளரும் முட்டைப்பையின் (ஃபாலிகிள்) விட்டம், சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் அளவு, ஊசிக்கும் முட்டை வெளிப்படுவதற்கும் இடைப்பட்ட மணி நேரம். சினைப்பிடிப்பையும் எழுதலாம், ஆனால் முடிவுரையில் அல்ல, அட்டவணையில்.

ஊசிகளால் பல மாடுகளை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவரும் பருவ ஒருங்கிணைப்பு இந்தத் துறையில் பலர் நுழையும் வாசல். 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் மூவரும் வெளியிட்ட 'ஓவ்சிங்க்' முறை காகிதத்தில் மிக எளிது: முதல் நாள் ஜி.என்.ஆர்.எச். (முட்டை வெளிப்படத் தூண்டும் ஹார்மோன்), அதிலிருந்து ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின் (முட்டை வெளிப்பட்ட இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் சி.எல். என்ற மஞ்சள் உடலைக் கரைப்பது), 48 மணி நேரம் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.எச்., அதிலிருந்து, இன்றைய வழக்கப்படி, 16 முதல் 20 மணி நேரத்தில் கருவூட்டல். நம் ஊரில் பரவலாகப் பயன்படுவது ஜி.என்.ஆர்.எச். வகையில் பியூசெரலின் 10 மைக்ரோகிராம், புரோஸ்டாகிளாண்டின் வகையில் குளோப்ரோஸ்டினால் 500 மைக்ரோகிராம். பண்ணையில் இது கெடுவது பெரும்பாலும் மணி நேரத்தில்தான். திங்கள் மாலை நான்கு மணிக்குப் புரோஸ்டாகிளாண்டின் போட்டால் புதன் மாலை நான்குக்கு இரண்டாவது ஜி.என்.ஆர்.எச்., வியாழன் காலை எட்டு முதல் நண்பகலுக்குள் கருவூட்டல். வியாழன் பொங்கல் விடுமுறை என்றால் அந்த வாரமே தொடங்கக் கூடாது. பலர் தொடங்குகிறார்கள்.

இது கெட உடலியல் காரணங்களும் உண்டு. சுழற்சியின் முதல் நான்கு நாட்களில் இருக்கும் மாட்டில் முட்டையை வெளிவிடும் அளவுக்கு வளர்ந்த ஆதிக்க முட்டைப்பை இராது. முதல் ஊசிக்கு அந்த மாட்டில் முட்டை வெளிப்படாது. ஐந்து நாளுக்கும் குறைந்த வயதுள்ள சி.எல். புரோஸ்டாகிளாண்டினுக்குக் கரையாது. சுழற்சியே தொடங்காத மாட்டையும் சுழற்சியில் உள்ள மாட்டையும் ஒரே குழுவில் கலந்துவிட்டால், பிறகு எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு இரத்த மாதிரி எடுத்து, இரண்டிலும் புரோஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் அந்த மாட்டைத் தனியாக வைக்க வேண்டும். புரோஸ்டாகிளாண்டினுக்கு முன் சினை பார்ப்பது கட்டாயம். சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையும், அந்தப் பண்ணையின் கதவு அதோடு மூடும். அந்த மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாது, மற்றவர்கள் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஆய்வேடுகளில் இந்த வரியைக் காண்பது அரிது.

புரோஜெஸ்டிரோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போன தரவுகளில் பெரும்பகுதி ஆய்வகத்துக்கு வருமுன்பே கெட்டிருக்கும். மாட்டு இரத்தத்தின் சிவப்பணுக்கள் புரோஜெஸ்டிரோனைச் சிதைக்கும். காலை ஏழு மணிக்கு எடுத்த இரத்தத்தை வெயிலில் ஜீப்பிலேயே வைத்துவிட்டு மதியம் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால், முழு சி.எல். உள்ள மாடு பருவத்தில் இருப்பதாகக் கணக்குக் காட்டும். எடுத்தவுடன் குழாயை ஐஸில் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் 15 நிமிடம் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். இரண்டு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். இரண்டாவது குப்பி, முதல் குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காமல் இருக்க. லேபிளை மாட்டு எண், தேதி, ஆய்வின் எத்தனையாவது நாள் என்ற மூன்றும் சேர்த்துப் பென்சிலால் எழுத வேண்டும். சாதாரண மை குளிரில் அழிகிறது.

அடுத்து கிட். சந்தையில் கிடைக்கும், ஹார்மோனை அளக்கும் எலைசா கிட்டுகளில் பல மனித சீரத்துக்காகச் செய்யப்பட்டவை. அப்படியே மாட்டுப் பிளாஸ்மாவைப் போட்டால் ஒரு எண் வரத்தான் செய்யும். அது சரியான எண்ணா என்று தெரிய, அதிக புரோஜெஸ்டிரோன் உள்ள ஒரு மாட்டின் பிளாஸ்மாவை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு நீர்த்துப் பார்த்து, அந்தக் கோடு, அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு வரைந்த தரநிலைக் கோட்டுக்கு இணையாகப் போகிறதா என்று காண வேண்டும். இணையாக இல்லையென்றால் கிட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரே எலைசா தட்டுக்குள் அளவீடுகளின் மாறுபாடு 10 சதவீதத்தையும், தட்டுகளுக்கிடையே 15 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. ஒரே மாட்டின் எல்லா நாள் மாதிரிகளும் ஒரே தட்டில் இருப்பது நல்லது. நல்ல பத்திரிகையின் மதிப்பீட்டாளர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

உறைவிந்துப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காளை விந்துக்கு ஒத்துவந்த, விந்தை நீர்த்து உறைய வைக்கும் கரைசலை வெள்ளாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. வெள்ளாட்டுக் கிடாவின் சிறுநீர்க்குழாயை ஒட்டிய பல்போயூரித்ரல் சுரப்பி நீரிலுள்ள நொதி முட்டை மஞ்சள் கருவைச் சிதைத்து விந்தணுவைக் கொல்லும். அதனால் விந்துப் பிளாஸ்மாவைக் கழுவி நீக்கிவிட்டுத்தான் டிரிஸ்-மஞ்சள் கரு கரைசலில் போடுகிறார்கள், இல்லையென்றால் மஞ்சள் கருவின் அளவைக் குறைக்கிறார்கள். கழுவும்போது சுழற்சி வேகம் கூடினால் விந்தணுவின் தலைக்கவசம் (அக்ரோசோம்) உடையும், அது வேறு கதை. உறையும்போது விந்தணுவைக் காக்கும், இத்துறையின் ஆதாரமான கிளிசரால் 1949-இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானிகள் கைக்கு வந்ததே லேபிள் குழம்பிய ஒரு பாட்டிலால் என்பார்கள். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் குப்பிகளைப் பெயரிடாமல் விட வேண்டாம்.

எருமையில் வேலை செய்தால் இரவு வேலை தவிர்க்க முடியாது. ஊமைப் பருவம் (அறிகுறி வெளியே தெரியாத பருவம்) என்று பதிவேட்டில் எழுதப்படுவதில் ஒரு பகுதி, யாரும் பார்க்காத இரவில் வந்து போன பருவம்தான். எந்தக் கருவியையும்விட, கொட்டகையில் தூங்கும் ஆளிடம் காலையில் "அண்ணே, ராத்திரி எது கத்துச்சு?" என்று கேட்பது பயன் தரும். அவர் சொன்னதையும் ஸ்கேனில் கண்டதையும் ஒரே நோட்டில் எழுதி வந்தால் சில மாதங்களில் அவர் கண் எவ்வளவு துல்லியம் என்று தெரியும். கட்டுரையின் நன்றிப் பகுதியில் மட்டும் அவரை நினைப்பது போதாது, மாதிரி எடுக்கும் நேரத்தை அவருடைய கறவை நேரத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும். கறவைக்கு நடுவே ஊசியோடு நுழைந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும், ஆளும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வேலை வாய்ப்பு என்று பார்த்தால், இங்கே இரண்டு கதவுகள் தனித்தனி. வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வில் 'விலங்கு உடலியல்' ஒரு பிரிவு, 'இனப்பெருக்கமும் பெண் நோயியலும்' வேறொரு பிரிவு. எம்.வி.எஸ்சி. எந்தத் துறையில் என்பதே விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் எழுதும் பிரிவைத் தீர்மானிக்கும். பிறகு மாறுவது கடினம். உடலியலில் சேர்ந்தால் ஹார்மோன், மரபணு வெளிப்பாடு, செல் வளர்ப்பு என்று ஆய்வகம் பெரிதாகும், கைவிட்டுப் பார்க்கும் பயிற்சி குறையும். மற்றதில் நேர்மாறு. இரண்டும் கைவந்தவர்கள் குறைவு. அதனால்தான் கர்னால், பெங்களூரு, ஹிசாரிலுள்ள தேசியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனங்களில் அவர்களுக்குக் கிராக்கி. பி.எச்டி.க்கு வழிகாட்டியைத் தேடும்போது அவருடைய கட்டுரைப் பட்டியலைவிட முன்னாள் மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: மாடுகள் எத்தனை, யாருடையவை, ஸ்கேன் கருவி யார் சாவியில் இருக்கிறது.

பெரிய விலங்குகளில் சோதனை செய்ய நிறுவனத்தின் குழு மட்டும் போதாது, தேசியக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் தலைப்பு முடிவான வாரமே விண்ணப்பம் போக வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் கசாப்புக்கூடச் சினைப்பைகளில் (ஓவரி) கையைப் பழக்கலாம். 30 முதல் 37 டிகிரி உப்புநீரில் நான்கைந்து மணி நேரத்துக்குள் கொண்டுவந்து, 2 முதல் 8 மில்லிமீட்டர் முட்டைப்பைகளை 18 கேஜ் ஊசியில் உறிஞ்சி எடுப்பது. எருமைச் சினைப்பை ஒன்றுக்கு நல்ல முட்டை ஒன்றுகூடக் கிடைக்காத நாட்களே அதிகம், எனவே அதற்கேற்பச் சினைப்பைகளை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.